சவ்விலிருந்து வெளியே வந்தவர்

மரியாதைக்குரிய மாமாவுக்கு, அக்கா மகள் எழுதுவது. இங்கே நான் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

"அவ அவ்வளவு படிச்சுட்டு சோப்புத்தூள் பண்றா" என்று நீங்கள் பார்ப்பவரிடமெல்லாம் சொல்வதாக அம்மா சொன்னாள். பாதி உண்மை என்பதால்தான் கோபம் அதிகமாக வருகிறது. உடம்பிலுள்ள ஒவ்வொரு செல்லையும் மெல்லிய கொழுப்புச் சவ்வு மூடியிருக்கிறது. அதில் புரதங்கள் புதைந்திருக்கின்றன. மருந்துகளில் பலவும் அவற்றின் கதவைத்தான் தட்டுகின்றன. அவற்றின் உருவத்தைப் பார்க்க வெளியே எடுக்க வேண்டும், அதற்கு ஒரு சோப்பு வேண்டும். முரட்டு சோப்பு போட்டால் புரதம் வந்த கையோடு உருக்குலைந்து வெள்ளைத் திப்பியாக அடியில் உட்கார்ந்துவிடுகிறது. சாதுவான சோப்பு போட்டால் மாமனார் வீட்டு சோபாவில் சாய்ந்த மாப்பிள்ளை மாதிரி அசையவே மாட்டேன் என்கிறது.

நான் செய்த முதல் சோப்பு நுரைத்துப் பொங்கி, கதவிடுக்கு வழியாகக் கணக்குப் பிரிவுக்குள் போய், கணக்கரை வழுக்கி விழவைத்தது, அடுத்தது குளிர் அறையில் மெழுகாக உறைந்தது, அதற்கடுத்தது புரதத்தை அழகாக வெளியே கொண்டுவந்தது, ஆனால் எங்கள் ஆய்வக இயக்குநரைக் கூப்பிட்டு வருவதற்குள் அது கலங்கிச் செத்துப்போனது. "போதும்மா, வேற வேலையப் பாரு" என்றார் அவர். "இன்னும் ஒண்ணே ஒண்ணு சார்" என்று கெஞ்சினேன்.

அதுவரை என் சோப்பு மூலக்கூறுகளுக்குக் கொழுப்பை நாடும் வால் ஒன்றுதான். இந்த முறை இரண்டு வால் வைத்தேன், இரண்டு கை போட்டு அணைத்தால் நழுவாதல்லவா. புரதம் வெளியே வந்தது. குளிர்சாதனத்தில்கூட வைக்காமல் மேசைமேல் விட்டேன். ஒரு வாரம் கழித்தும் கண்ணாடி மாதிரி தெளிவு. அதற்குரிய மருந்தை விட்டதும் புரதம் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. இயக்குநர் சோதனைக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"தெளிவா இருக்கே."

"உயிரோடவும் இருக்கு சார்."

யாரையும் பாராட்டியறியாத மனிதர், நொண்டிக்கொண்டிருந்த கணக்கரையே கையைப் பிடித்து அழைத்துவந்து காட்டினார். நானே அவருக்கு நாற்காலி இழுத்துப் போட்டேன், மாமா.

அத்தைக்கு என் வணக்கம். எல்லோரும் நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டும்.

அன்புள்ள,
அக்கா மகள்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது பக்கத்து மேசைத் தோழி என் சோப்பைப் பகுத்துப் பார்த்த முடிவோடு வந்தாள். ஜெயித்தது நான் வடிவமைத்த மூலக்கூறே இல்லையாம். அதைச் செய்யும்போது கூடவே உண்டான, நான் கழித்துக் கொட்டியிருக்க வேண்டிய உபரியாம். ஓடிப்போய் இயக்குநரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "அது ஏன் வேலை செய்யுதுன்னு கண்டுபிடிக்கவே பல வருஷம் ஆகும். அதுவரைக்கும் உன்னை இங்கேருந்து யாரும் அசைக்க முடியாதும்மா."