வெண்டலின் ஆண்டுக்கு ஒன்று

முப்பத்தொரு வருஷம் சிகாகோவின் தெற்குத் தெருக்களில் தபால் சுமந்த வெண்டல், ஓய்வு பெற்ற நாற்பதாம் நாள் பிரகடனம் செய்தார்.

"லூ, இனிமே நான் வீட்டு வியாபாரி."

லூவெல்லா அடுப்பிலிருந்த கீரையைக் கிளறினாள். "வீடு வாங்கப் பணம்?"

"வாங்கினாத்தானே! விலை பேசி ஒப்பந்தம் போடுவேன். அந்த ஒப்பந்தத்தை வேற ஒருத்தருக்குக் கூடுதல் விலைக்கு மாத்திவிடுவேன். நடுவுல நிக்கிற காசு எனக்கு."

"அதுக்குத் தரகர் லைசென்ஸ் வேணாமா?"

"நான் விக்கிறது வீட்டை இல்ல, காகிதத்தை!"

"நம்ம கல்யாணமும் காகிதந்தான். அதையும் மாத்திவிட்டுடாத."

"நாப்பது வருஷப் பழசை யாரு வாங்குவா?"

கரண்டி நின்றது.

"காகிதத்தைச் சொன்னேன், கண்ணு!"

முதல் வீடு எது என்று கேட்டாள். வெண்டலின் விரல் ஜன்னல் வழியே பக்கத்து வீட்டைக் காட்டியது. எர்லீனின் வீடு. தனிக்கட்டை, முழங்கால் வலி, மெம்ஃபிஸிலிருக்கும் மகளிடம் போகப்போகிறாள்.

"எண்பதாயிரம் டாலருக்கே குடுத்துடுவா. வெளியில அதுக்கு ரெண்டு மடங்கு போகும்."

லூவெல்லா ஜன்னல் வழியே அந்த வீட்டைப் பார்த்தாள். அவள் பிள்ளையைப் பறிகொடுத்த மாதத்தில், கூப்பிடாமலே வந்து துணி துவைத்துப் போட்டவள் எர்லீன். எர்லீனுக்கு இருக்கும் சொத்தெல்லாம் அந்தச் செங்கல் வீடு ஒன்றுதான்.

"உனக்குக் கடல் காட்டுறேன்னு கல்யாணத்தப்பவே சொன்னேன்ல, லூ?"

அவளால் திட்டவும் முடியவில்லை.

"முதல் தடவை தப்பு வரக்கூடாது, ராசா. என் தம்பியோட காலி மனை இருக்கு. அதுல கை பழகிக்கோ."

மனைக்கு ஒப்பந்தம் போட்டார். காய்கறித் தோட்டத்துக்கு இடம் தேடிக்கொண்டிருந்த தேவாலயத்துக்கு அதை மாற்றிவிட்டார். இருநூறு டாலரும் ஒரு சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பையும் கிடைத்தன. கிழங்கைத் தின்றார். டாலருக்குத் தொப்பி வாங்கினார்.

தொப்பியோடு எர்லீன் வீட்டுக் கதவைத் தட்டினார். திறந்தது லூவெல்லா; உள்ளே மேஜையருகே எர்லீன் உட்கார்ந்திருந்தாள்.

"மிஸ் எர்லீன், உங்க வீட்டுக்கு ஒரு ஒப்பந்தம்..."

"முடியாதே, ராசா," என்றாள் லூவெல்லா. "லைசென்ஸ் இல்லாதவங்களுக்கு இந்த மாநிலத்துல இப்படி ஒப்பந்தத்தை மாத்திவிடுறது பன்னெண்டு மாசத்துக்கு ஒரு தடவைதான். உன்னோட ஒண்ணுல வெண்டை நட்டாச்சு, வெண்டல்."

"யாரு சொன்னா?"

"செவ்வாக்கிழமை வகுப்புல சொன்னாங்க."

"செவ்வாக்கிழமை நீ பாட்டுக்குழுவுக்குல்ல போவ?"

எர்லீன் விழுந்து விழுந்து சிரித்தாள். "இவ குரலுக்குப் பாட்டுக்குழுவா? அதையும் நம்பினியாப்பா?"

லூவெல்லா கைப்பையிலிருந்து தன் பேரில் வாங்கிய தரகர் லைசென்ஸை எடுத்து மேஜையில் வைத்தாள். "வீட்டை விக்கணும்னு இவ பனிக்காலத்துலயே சொன்னா. ஏமாத்தாம வித்துக் குடுக்க ஒரு ஆள் வேணும்ல?"

வெண்டல் நாற்காலியில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். எர்லீனை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"அப்போ... கடல்?"

"நான் காட்டுறேன். எழுந்திரு."

தொப்பியை எடுத்து அவர் தலையில் வைத்தாள், காதோரம் சரிசெய்தாள், கையில் ஒரு சுத்தியலைக் கொடுத்தாள்.

எர்லீன் வீட்டு முன் புல்வெளியில் விற்பனைப் பலகையை அவரே அடித்து நட்டார். தள்ளி நின்று படித்தார். மேலே பெரிதாக லூவெல்லாவின் பெயர். அடியில், பழகிய கையெழுத்தில் ஒரு வரி:

"தொப்பி போட்டவரிடம் விலை பேச வேண்டாம்."