பன்னிரண்டு கிலோ பல்கலைக்கழகம்

துபாயில் முப்பத்தொரு வருஷம். எல்லார் பேச்சையும் கேட்டாகிவிட்டது. கம்பெனி பேச்சு, ஃபோர்மேன் பேச்சு, கட்டட வாட்ச்மேன் பேச்சு, வீட்டில் பானுமதி பேச்சு. வேலை முடிந்தது. விசா கேன்சல். ஊருக்குக் கிளம்பப் பத்து நாள். இந்தப் பத்து நாளும் எவர் பேச்சையும் கேட்பதில்லை என்று தீர்மானம் போட்டேன்.

தீர்மானம் பதினொரு நிமிஷம் உயிரோடு இருந்தது.

"என்னங்க, அந்தப் பித்தளை வில்லையெல்லாம் என்ன பண்ணப் போறீங்க?"

பித்தளை வில்லை! ஐயா, அவை பதக்கங்கள். வெண்கலம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் நூறாவது ஆண்டு, இருநூறாவது ஆண்டு என்று விழா எடுக்கும்போது அடித்து வெளியிடுவது. உள்ளங்கை நிறைய இருக்கும். ஒரு பக்கம் மணிக்கூண்டு. மறுபக்கம் மீசைக்காரர். சுற்றிலும் லத்தீன். எனக்கு லத்தீன் தெரியாது. மீசைக்காரரையும் தெரியாது. அமெரிக்காவுக்குப் போனதும் இல்லை. படித்தது காரைக்குடிப் பக்கம் ஒரு பாலிடெக்னிக். சிவில். ரெண்டு அரியர்.

பின்னே எதற்குச் சேர்க்கிறாய் என்பீர்கள். சொல்கிறேன். அவசரப்படுத்தாதீர்கள்.

சைட்டில் ஓர் அமெரிக்க இன்ஜினியர் இருந்தார். ப்ராஜெக்ட் முடிந்த அன்று மேசையைக் காலி செய்தார். ஒரு பதக்கத்தைக் குப்பைக்கூடையில் போட்டார். எடுத்துக் கொடுத்தேன். உங்கள் காலேஜ் பெயர் போட்டிருக்கிறதே என்றேன். நீயே வைத்துக்கொள், எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒன்று இருக்கிறது என்றார்.

ஆளுக்கு ஒன்று! எங்கள் வீட்டில் படிப்புக்கென்று எவனும் ஒரு பென்சில் பெட்டிகூட வாங்கியதில்லை. கையில் கனமாக இருந்தது. அன்றைக்குப் பிடித்த காய்ச்சல். விடவில்லை. இன்டர்நெட்டில் ஏலம், பழைய சாமான் சந்தை, ஊரைக் காலி செய்யும் வெள்ளைக்காரர் வீட்டு வாசல். ஹார்வர்டு முன்னூறாவது ஆண்டு, 1936. கொலம்பியா இருநூறாவது ஆண்டு, 1954. மற்றதெல்லாம் வாயில் நுழையாத ஊர். மொத்தம் நாற்பத்தெட்டு. எடை பன்னிரண்டு கிலோ.

எடைதான் பிரச்சினை.

"ஆளுக்கு முப்பது கிலோ. ரெண்டு பேருக்கும் சேத்து அறுபது" என்றாள் பானுமதி. கையில் பெட்டியைத் தூக்கி எடை பார்க்கும் கொக்கி. பர் துபாய் வீட்டு ஹாலில் ரெண்டு பெட்டி, கசாப்புக் கடை ஆடு மாதிரி மாறி மாறித் தொங்கின. "இது முப்பது. அதுவும் முப்பது. கலாஸ். ஒரு ஊசிக்கு இடமில்லை."

"நான் பாக்கறேன், குடு."

"உங்க கண்ணாடி எங்கே?"

கண்ணாடி பெட்டிக்குள் போய்விட்டிருந்தது.

"அதுல என்னதான் வச்சிருக்கே?"

"குடும்பம் நடத்தறதுக்கு வேண்டியது."

"முப்பத்தொண்ணு வருஷமா நடத்தினது போதாதா? எதையாவது எடு. பன்னிரண்டு கிலோ எடு."

"எதை எடுக்கறது? பிஸ்தாவை எடுத்தா உங்க தங்கச்சி மூஞ்சியைத் தூக்குவா. பால்பவுடரை எடுத்தா என் தங்கச்சி தூக்குவா. தைலத்தை எடுத்தா தெருவே தூக்கும். கார்கோ பெட்டி போச்சே, அதுல போட மாட்டேன்னது யாரு?"

"கடல்ல ஆடிட்டுப் போற பெட்டியில ஹார்வர்டைப் போடுவாங்களாடி?"

"ஹார்வர்டு ஆடாது. நீங்கதான் ஆடறீங்க."

"பதக்கம் இல்லாம நான் வரலை."

"வராதீங்க. விசா முடிஞ்சு தினமும் அபராதம் கட்டிக்கிட்டு ஹார்வர்டோட இருங்க. இல்லைன்னா உடம்புல கட்டிக்கிட்டு வாங்க. எனக்கென்ன?"

கதவைச் சாத்திக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

உட்கார முடியவில்லை. எழுந்தேன். ஜன்னலுக்குப் போனேன். திரும்பினேன். மறுபடி போனேன். எதிர்க் கட்டடத்து ஏசி சொட்டுவதைக் கொஞ்ச நேரம் எண்ணினேன். ஏழாவது சொட்டில் மூளை பளிச்சென்றது. விமானத்தில் பெட்டியை எடை போடுகிறான். கைப்பையை எடை போடுகிறான். ஆளை எவன் எடை போடுகிறான்?

என் மூளையே மூளை. உடனே சத்வாவுக்கு டாக்ஸி பிடித்தேன்.

சத்வாவில் ஈசா பாய் தையல் கடை. கீழக்கரைக்காரர். என் பேண்ட் இடுப்பு இருபத்தொன்பதில் இருந்து நாற்பது வரை வளர்ந்ததைக் கண்ணால் கண்ட சாட்சி.

"பாய், கோட்டு தைக்கணும்."

"கல்யாணமாண்ணே?"

"இல்லை. உள்பாக்கெட் வைக்கணும்."

"எத்தனை?"

"நாற்பத்தெட்டு."

டேப் கீழே விழுந்தது.

"அண்ணே, இது கோட்டா, தபால் ஆபீஸா?"

"கேள்வி கேக்காதீங்க. ஒவ்வொண்ணுலயும் கால் கிலோ உக்காரும்."

"துணி தாங்காதுண்ணே. உள்ளே கேன்வாஸ் குடுக்கணும். அதுவாச்சும் தாங்கும். உங்க தோள்பட்டை?"

"முப்பத்தொண்ணு வருஷமா குடும்பத்தைத் தாங்குது. யல்லா, அளவெடுங்க. வீட்டுக்குத் தெரியக் கூடாது."

"வாயைத் தச்சிட்டேண்ணே."

மூன்றாம் நாள் அளவு போட்டுப் பார்க்கப் போனேன். வெள்ளிக்கிழமை. பொருத்தம் பிரமாதம். விசிலடித்துக்கொண்டு வீடு திரும்பினேன். ஹாலில் செய்தித்தாள் விரித்திருந்தது. அதன் மேல் நாற்பத்தெட்டு சூரியன்.

"என்னடி இது?"

"குத்துவிளக்குக்குப் புளி கரைச்சேன். மீந்துச்சு. உங்க வில்லையையும் தேச்சு வச்சேன்."

ஐயா, பதக்கம் சேர்க்கிற எவனையாவது கேளுங்கள். பழைய வெண்கலத்தைத் துடைக்கக் கூடாது. ஊதக்கூடக் கூடாது. அந்தப் பழுப்பு வருவதற்கு எழுபது வருஷம் ஆகும். போவதற்கு ஓர் எலுமிச்சம்பழம் அளவு புளி போதும். 1936 நேற்றுப் பிறந்த குழந்தை மாதிரி பளபளத்தது. மீசைக்காரர்கள் முகத்தில் மீசையைக் காணோம்.

"கொன்னுட்டே. நாற்பத்தெட்டு கொலை."

"அழுக்கைப் போக்கினா கொலையா? தங்கம் மாதிரி மின்னுது பாருங்க. நல்லா வெயில்ல வேற காய வச்சேன்."

"இடமே இல்லைன்னே. எடுத்துட்டுப் போகாத சாமானை எதுக்குடி தேச்சே?"

"விட்டுட்டுப் போறதா இருந்தாலும் சுத்தமா விட்டுட்டுப் போகணுமில்லே?"

பதில் சரியாகத்தான் பட்டது. அவளுடைய பதில்கள் எல்லாமே அந்த நேரத்தில் சரியாகத்தான் படும்.

பளபளத்தாலும் பதக்கம் பதக்கம்தான். விடுவதாக இல்லை. கிளம்புவதற்கு முந்தின நாள் ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றிக் கோட்டுக்குள் இறக்கினேன். அலமாரித் தட்டு காலியானதைப் பார்த்துக் கேட்டாள்.

"வில்லையெல்லாம் எங்கே?"

"ஆபீஸ்ல சதீஷ்குமாருக்குக் குடுத்துட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"பெரிய மனசுங்க உங்களுக்கு" என்றாள். முகத்தில் ஒரு சந்தேகம் கிடையாது. முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக அவளை ஏமாற்றிவிட்டேன். மார்பு விரிந்தது. விரிந்தால் நாளைக்குக் கோட்டு பொத்தான் போட முடியாது. சுருக்கிக்கொண்டேன்.

கிளம்புகிற நாள். வெளியே நாற்பத்தைந்து டிகிரி. நான் கோட்டில்.

"எதுக்குங்க கோட்டு?"

"ஊருக்கு ஒரு கௌரவமா போய் இறங்க வேண்டாமா?"

"நல்லா இருக்கு. மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க. என்ன, நடந்தா யாரோ சலங்கை கட்டின மாதிரி சத்தம் வருது."

"லிஃப்ட் சத்தம்."

"நாம இன்னும் லிஃப்ட்டுக்கே போகலையே?"

"பக்கத்து லிஃப்ட்டு."

ஏர்போர்ட்டில் ரெண்டு பெட்டியையும் அவளே தூக்கி பெல்ட்டில் வைத்தாள். நான் குனிந்தால் நிமிர முடியாது. "நீங்க தள்ளி நில்லுங்க, கோட்டு கசங்கும்" என்றாள். என்ன பெண் ஐயா என்று ஒரு நிமிஷம் உருகிவிட்டேன்.

செக்யூரிட்டியில் கோட்டைக் கழற்றித் தட்டில் வைத்தேன். தட்டு நகரவில்லை. பின்னால் நின்றவன் ஒரு கை கொடுத்தான். திரையைப் பார்த்த அதிகாரி என்னைப் பார்த்தார்.

"மெடல்?"

"யெஸ். யுனிவர்சிட்டி."

"ப்ரொஃபஸர்?"

தலையை ஆட்டினேன். ஆமாவா இல்லையா என்று எனக்கே தெரியாத ஆட்டம்.

"மப்ரூக், பாபா" என்றார்.

முப்பத்தொரு வருஷத்தில் அந்த ஊர் எனக்குச் சொன்ன முதல் வாழ்த்து. கண் கொஞ்சம் கலங்கியது. வியர்வையாகவும் இருக்கலாம்.

நாலு மணி நேரம் விமானத்தில் கோட்டைக் கழற்றவில்லை. சீட் பெல்ட் எட்டவில்லை. பணிப்பெண் வந்து நீட்டிப்பு பெல்ட் கொடுத்துவிட்டுப் போனாள். பானுமதி நிம்மதியாகத் தூங்கினாள்.

திருச்சி. ஜூன் மாதம் திருச்சியில் கோட்டு போட்டுக்கொண்டு நடப்பவர்கள் ரெண்டே வகை. ஒன்று வக்கீல். இன்னொன்று துபாயிலிருந்து தங்கம் கொண்டுவருகிறவன். நான் வக்கீல் இல்லை என்பது முகத்திலேயே தெரியும்.

"சார், கொஞ்சம் இப்படி வாங்க."

வந்தேன். ஜல் ஜல் என்று வந்தேன். கோட்டைப் பிரித்தார்கள். முதல் பாக்கெட்டில் ஒரு வட்டம் மின்னியது. ரெண்டாவதில் ஒன்று. பத்தாவதில் அந்த ஹாலில் இருந்த அத்தனை கஸ்டம்ஸ்காரர்களும் என்னைச் சுற்றி நின்றார்கள். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கூட டீயோடு வந்தார்.

"பேரு?"

"சேதுமாதவன்."

"என்ன இதெல்லாம்?"

"பதக்கம். வெண்கலம்."

"வெண்கலம் இப்படியா மின்னும்?"

"புளி போட்டுத் தேச்சது."

"யாருக்குக் குடுத்த பதக்கம்?"

"யார் யாருக்கோ."

"உங்களுக்கு யார் குடுத்தா?"

"நானே வாங்கிக்கிட்டேன்."

"உங்களுக்கு நீங்களே மெடல் வாங்கிக் குடுத்துக்கிட்டீங்க?"

"ஆமா."

"ஹார்வர்டு, கொலம்பியா... இதுல எதுல சார் படிச்சீங்க?"

"ஒண்ணுலயும் இல்லை."

"அப்புறம் எதுக்குச் சார் நாற்பத்தெட்டு ரகசிய பாக்கெட்டு?"

"வீட்டுக்காரிக்குத் தெரியாம கொண்டுவர."

சிரித்தார்கள். நம்பவில்லை. தங்கம் சோதிக்கிற ஆளைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

"கூட யாராவது வந்திருக்காங்களா?"

திரும்பினேன். பானுமதி தள்ளுவண்டியோடு வாசலுக்குப் பத்தடி தூரத்தில். சாட்சி கிடைத்தது என்று கையைக் காட்டினேன்.

"அம்மா, இவர் உங்களுக்கு யாரு?"

என்னை உச்சி முதல் பாதம் வரை பார்த்தாள்.

"பிளைட்ல பக்கத்து சீட்டு சார். வரும்போதே ஒரு மாதிரியாத்தான் இருந்தாரு."

"சரி, நீங்க போங்கம்மா."

போயே விட்டாள்.

சோதிக்கிற ஆள் வர ஒரு மணி நேரம். ஒவ்வொன்றாக உரசிப் பார்க்க ஒன்றரை மணி நேரம். நாற்பத்தெட்டு தடவை "வெண்கலம்" என்றார். ஒவ்வொரு தடவையும் அவர்கள் முகம் வாடியது. எனக்கே பாவமாக இருந்தது. கடைசியில் ஒரு மூத்த அதிகாரி கோட்டை மடித்துக் கையில் கொடுத்தார். "வீட்டுக்குப் போங்க சார். வெயில்ல கோட்டு போடாதீங்க. மூளைக்கு ஆகாது."

ஜெயித்தேன். நாற்பத்தெட்டும் ஊர் வந்து சேர்ந்துவிட்டன. கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். பானுமதி தூண் ஓரமாகக் காபி குடித்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டீங்களா? எல்லாம் பத்திரமா?"

"ஏண்டி, நான் யாருன்னு தெரியாதா உனக்கு?"

"கோவிக்காதீங்க. நானும் சேந்து மாட்டியிருந்தா உங்களுக்குக் காபி யார் வாங்கறது?"

இன்னொரு கப்பை நீட்டினாள். முழுக்கை ரவிக்கை. ஜூன் மாதத்தில். என் கோட்டைக் கவனித்த கவனத்தில் அவள் கையைக் கவனிக்கவில்லை. துணி லேசாக மேலேறியது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வளையல். ரெண்டு கையிலும். அத்தனையும் அசல் தங்கம்.

"இது... எப்போடி?"

"முப்பத்தொண்ணு வருஷமா, ஒண்ணு ஒண்ணா. நீங்க மட்டும்தான் சேப்பீங்களா?"

"உள்ளே கேக்கலையா?"

"கேக்க ஆள் எங்கே இருந்தாங்க?"

டாக்ஸி வந்தது. முப்பது கிலோ பெட்டியாச்சே என்று பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினேன். பெட்டி விருட்டென்று எழும்பி என் தாடையில் இடித்தது. ஜிப்பைத் திறந்தேன். நாலு தலையணை. ஒரு போர்வை. ஓரத்தில் என் கண்ணாடி.

"அடிப்பாவி! இவ்வளவு இடம் இருந்திருக்கு. ஏன் இடமில்லைன்னு சொன்னே?"

காபியை ஒரு வாய் குடித்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

"இருக்குன்னு சொல்லியிருந்தா நீங்க கோட்டு தச்சிருப்பீங்களா?"