உட்காருவதற்கான ஸ்பானியச் சொல்

பல்லவர் காலத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு எத்தனையோ மொழிகள் வந்து போயிருக்கின்றன. ஆனால் ஒரே ஒரு வினைச்சொல்லுக்காக ஒரு கடையே தவம் கிடந்தது, சின்ன முதலாளி தினேஷின் பட்டு மாளிகையில்தான்.

ஸ்பெயினிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் கோயில் பார்த்துவிட்டு நேரே கடைக்கு வரப்போகிறார்கள். செல்போனிலேயே ஸ்பானிஷ் கற்ற 'பன்மொழிப் புலவர்' தினேஷ் விற்பனைப் பெண்களைக் கூட்டினார்.

"வர்றவங்கள முதல்ல உக்கார வைக்கணும். உக்காந்த கஸ்டமர் வாங்காம எழுந்திருக்க மாட்டாங்க. 'சியேந்தெசே'ன்னா 'உக்காருங்க'. எங்க, சொல்லுங்க!"

பெண்கள் வரிசையாக நின்று, உட்காரச் சொல்லப் பழகினார்கள். பிறகு ராத்திரி வரை நின்றே புடவை விரித்தார்கள். நிற்பது அந்தக் கடையின் பண்பாடு. கடை ஊழியருக்கு இருக்கை தர வேண்டும் என்ற சட்டத்துக்குப் பயந்து வாங்கிய ஸ்டூல்கள், உறைகூடப் பிரிக்காமல் பின்கட்டில் பள்ளிகொண்டிருந்தன. தொழிலாளர் ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் அத்தி வரதர் போல வெளியே வந்து தரிசனம் தரும்.

வாலாஜாபாத்திலிருந்து வேலைக்கு வரும் பொன்னிக்கு ஆறாவது மாதம். கால் இரண்டும் வீங்கிப்போயிருந்தன.

"சார், 'நான் உக்காருறேன்'னு எப்படிச் சொல்றது?"

"அது உனக்கு எதுக்குமா? கஸ்டமருக்குச் சொல்றத மட்டும் கத்துக்கோ."

"கால் வலிக்குது சார். ஸ்டூல்ல கொஞ்ச நேரம்..."

"நீ உக்காந்துக்கினு இருந்தா கடைக்கு என்னமா மரியாதை இருக்குது?"

கடையின் மரியாதைக்கு முன்னால் கால் எம்மாத்திரம்! பொன்னி நின்றாள்.

மறுநாள் ஸ்பெயின்காரர்களின் பஸ் வந்தது. நரைத்த தலை அம்மாள் ஒருத்தியிடம் நாற்காலியைக் காட்டி, "சியேந்தெசே" என்றாள் பொன்னி, அட்சர சுத்தமாக. ஆசிரியர் தினேஷுக்குப் பெருமையில் கண் கலங்கியது.

அந்த அம்மாள் உட்காரவில்லை. பொன்னியின் வயிற்றைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள். நாற்காலியை அவள் பக்கம் தள்ளி, "சியேந்தெசே" என்றாள்.

பாடம் நன்றாக ஏறியிருந்தது. பொன்னி உட்கார்ந்தாள். அப்பாடா என்றிருந்தது.

பஸ் கிளம்பியதும் தினேஷ் கூப்பிட்டார்.

"கஸ்டமர் நிக்கிறாங்க, நீ உக்காந்துக்கினு இருக்கிற. நாளையிலிருந்து வராதமா."

அன்று வாலாஜாபாத் பஸ்ஸில் நிற்க இடமில்லை. ஜன்னலோரம் இருந்த யாரோ ஒரு பெண் பொன்னியைப் பார்த்ததும் எழுந்து, "உக்காருமா" என்றாள். அந்தச் சொல்லை யாரிடம் சொல்ல வேண்டுமென்று அந்தப் பெண்ணுக்கு ஒருவரும் வகுப்பெடுக்கவில்லை.

தினேஷ் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார்.