மேட்டு மண்ணும் அம்மாவின் கற்பூரமும்

காதலித்து ஊரைவிட்டுப் போனவர்கள் உண்டு, சண்டை போட்டுக்கொண்டு போனவர்கள் உண்டு. கற்பூரத்தால் ஊரைவிட்டுப் போனவள் எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான்.

மண்ணும் மூச்சு விடும். ஒரே மழை, ஒரே மரம் என்றாலும் அடியில் உள்ள பாறையும் நிலத்தின் சரிவும் மாறினால், காட்டு மண் வெளிவிடும் கரியமில வாயுவின் அளவும் மாறும். அதை அளக்கத் திருவண்ணாமலை மலையடிவாரக் காட்டில் மேட்டில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று என இரண்டு கருவிகள் வைத்திருந்தேன். மண்ணில் பாதி புதைத்த குழாய், அதன்மேல் தானாகத் திறந்து மூடும் மூடி. (அப்பாவுக்கு அது 'டப்பா'.) முடிவுகள் நன்றாக வந்தால் புது ஆய்வு மையம் எங்கள் ஊர் வேங்கிக்காலுக்கே வரும். எனக்கு உள்ளூரிலேயே வேலை, மதியம் வீட்டுச் சோறு. அதற்காக நானும் அம்மாவும் ஏங்கிய ஏக்கம் கொஞ்சமல்ல.

குரங்குத் தொல்லை இருந்ததால், சாப்பாடு கொண்டுவரும் அம்மா மேட்டுக் கருவிக்குக் காவல் இருப்பார். நான் பள்ளத்துக்குப் போவேன். தினமும் அந்த நேரத்தில் மேட்டில் அளவு எகிறியது! பாறைமேல் கிடக்கும் மெல்லிய மண் அவ்வளவு விடக்கூடாது. மூளை உள்ளவர்கள் சந்தேகப்பட்டிருப்பார்கள். நான் பாறை வெடிப்பு, மலையின் வயது என்று ஒரு கோட்பாடே கட்டிவிட்டேன்.

"அக்னி மலை சார், மண்ணுக்கே சூடு ஜாஸ்தி" என்று திட்டத் தலைவரிடம் அளந்தேன். அவர் நேரில் பார்க்கவே கிளம்பி வந்துவிட்டார்.

அன்று பள்ளத்துக்குப் போகாமல் அவரை நேராக மேட்டுக்கே கூட்டிப்போனேன். அங்கே என் குழாய் திருநீற்றுப் பட்டையும் குங்குமமுமாக, கழுத்தில் செவ்வரளிச் சரத்துடன் எழுந்தருளியிருந்தது. எதிரே கற்பூரம். அம்மா கண்மூடி நின்றிருந்தார்.

"என்னம்மா இது?" என்றார் தலைவர்.

"மெஷின் நல்லா ஓடணும்னு ஏத்தறேங்க. பாப்பா திட்டும்னு, அது வர்றதுக்குள்ள தொடச்சிடுவேன். இது ஓடிச்சின்னா பொண்ணு இங்கயே இருந்துடும் பாருங்க" என்று அம்மா அவரிடமும் திருநீற்றை நீட்டினார்.

மூடி திறந்தபோதெல்லாம் என் கருவி கற்பூரப் புகையைத்தான் மூக்கு முட்டக் குடித்திருக்கிறது. தலைவர் திருநீற்றைப் பூசிக்கொண்டார். மையத்தை மட்டும் வேறு மாவட்டத்துக்குக் கொண்டுபோய்விட்டார்; அதில் எனக்கு இடமில்லை.

இப்போது கடல் தாண்டி ஒரு மழைக்காட்டில் மண் அளக்கிறேன். இங்கும் மேடு உண்டு, பள்ளம் உண்டு, குரங்குகூட உண்டு. காவலுக்குத்தான் ஆளில்லை. வெள்ளிக்கிழமை வீடியோவில் பேசும்போது அம்மா கற்பூரத்தட்டை எடுத்தால் பின்னாலிருந்து அப்பா கத்துவார்: "தள்ளி ஏத்து, அங்க ரீடிங் ஏறிடப்போவுது!"

எல்லோரும் சிரிப்போம். சிரித்துக்கொண்டே அம்மா கேட்பார்: "அணைச்சிடட்டுமா பாப்பா?"

"வேணாம்மா, எரியட்டும். கொஞ்சம் கிட்ட காட்டு."