தேதியைப் பின்னால் தள்ளிய அலுவலகம்

விளக்கு வைத்த நேரத்துக்குப் பிறகு, அலுவலகக் கணினி அறையிலிருந்து முட்டையிட முடியாத கோழி முக்குவது போல ஒரு சத்தம் கேட்டது. கணினிப் பிரிவுக்காரி அங்கே ஓடினாள். கீழ்த்தளத்துக் குழந்தைகள் காப்பகத்தில் அவளுடைய இரண்டு வயது மகள் இருக்கிறாள். கணினித் திரையில் பெயர் வந்தால்தான் பிள்ளையை வெளியே விடுவார்கள்.

கோளாறு சின்னதுதான். புதுக் கணினிகளில் எல்லாவற்றையும் நிறுவுவதற்கு மேலிடம் முத்திரையிட்டு அனுப்பிய பென் டிரைவ் மூன்று வருஷப் பழசு. அதிலிருந்த பேக்கேஜ் மேனேஜர், அதாவது வேண்டிய மென்பொருளை வெளியே போய் வாங்கி வரும் எடுபிடி, தன் அனுமதிச் சீட்டு காலாவதியாகிவிட்டது என்று கிளம்பவே மறுத்தது.

“புதுப் பதிப்பைப் போட்டா அஞ்சு நிமிஷ வேலை, சார்.”

“முத்திரை வச்சதுல கை வைக்கிறதா?” இயக்குநர் பதறினார். “பென் டிரைவ் பழசில்லம்மா. தேதிதான் முந்திரிக்கொட்டை மாதிரி முன்னால ஓடிருச்சு. பின்னால தள்ளு.”

மூன்று வருஷம் தள்ளினாள். எடுபிடி துள்ளிக் கிளம்பியது. சத்தம் நின்றது. ‘இனி கணினியின் தேதியே அலுவலகத்தின் தேதி எனக் கொள்ளப்படும். பதிவில் இல்லாத உருப்படிகள் கிடங்கில் பூட்டப்படும்’ என்று கையோடு சுற்றறிக்கையும் பிறந்தது.

அவள் காப்பகத்துக்கு ஓடினாள். ஆயா திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

“உங்க பொண்ணு இன்னும் பிறக்கலையேக்கா.”

“அப்ப உள்ள அழுறது யாருடி?”

“அது பதிவுல இல்லாத சத்தம். நான் பொறுப்பில்ல.”

“நீ எப்ப வேலைக்குச் சேர்ந்தே?”

“போன மாசம்.”

“அப்ப நீயும்தான் இல்ல. இல்லாதவ என்னை எப்படித் தடுப்பே?”

ஆயா திரையில் தன் பெயரைத் தேடினாள். தாய் உள்ளே பாய்ந்து மகளை அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டாள். திரும்பினால், வராந்தா முனையில் காவலாளி. முப்பது வருஷ சர்வீஸ். எந்தத் தேதியிலும் இருக்கிற மனிதர். “உருப்படிங்க எல்லாம் வரிசையா வாங்க! கிடங்கு திறந்திருக்கு!”

ஆயா குடுகுடுவென்று காப்பகத்துக்குள் நுழைந்துகொண்டாள். அவளுக்குப் பின்னால், செருப்பைக் கையில் பிடித்தபடி இயக்குநர்.

“சார், நீங்களா?”

“நான் மாத்தலாகி வந்ததே போன வருஷம்மா. கொஞ்சம் நகரு.”

“தேதியை முன்னால தள்ள ஒரு உத்தரவு போடுங்க சார், பிள்ளை பயப்படுது!”

“போடலாம். அதுக்கு நான் இயக்குநரா இருக்கணுமே!”

சாவிக்கொத்துச் சத்தம் நெருங்கியது. இயக்குநர் எட்டி, நாலு பேரும் உள்ளே இருக்கத் தாழ்ப்பாளைப் போட்டார்.