மருதாணியின் முழங்கால் ஊசி

ஒரு காட்டில் முழங்கால் எல்லா மிருகங்களுக்கும் இருந்தது. அது வலிக்கிறது என்று சொல்லும் உரிமை மட்டும் மேலே உட்கார்ந்திருப்பவர்களிடம் இருந்தது.

அங்கே மருதாணி என்றொரு பெண்குதிரை. மேலதிகாரி நரியாரைத் தினமும் சுமந்து மலை ஏறி இறங்கியதில் முன்னங்கால் முட்டி பலாக்காய் மாதிரி வீங்கிவிட்டது. மூட்டுக்குள் ஓர் ஊசி அல்லது ஏழு நாள் ஓய்வு, ஏதாவது ஒன்று கிடைத்தால் கால் பிழைக்கும். இல்லையென்றால் ஆயுசுக்கும் நொண்டிதான்.

ஆஸ்பத்திரிக்கும் நரியாரைச் சுமந்துகொண்டேதான் போனாள். படிவத்தில் ‘வலி பத்துக்கு எத்தனை?’ என்றொரு கட்டம். அடியில் ‘சவாரி செய்பவர் நிரப்ப வேண்டியது.’ நரியார் ‘ஒன்று’ என்று எழுதினார்.

“எனக்குப் பத்துங்க ஐயா!”

“எனக்கு ஒண்ணுமே தெரியலையே. போனாப் போகுதுன்னு ஒண்ணு போட்டேன்.”

டாக்டர் கொக்கு அவளை நடக்கச் சொன்னார். குதிரை வீட்டில் பெண்களுக்குக் குட்டியிலேயே பழக்கிவிடுவார்கள்: உயிரே போனாலும் நடை குலுங்கக் கூடாது. மருதாணியும் பல்லைக் கடித்துக்கொண்டு, நரியார் கையிலிருந்த டீ தளும்பாமல் நடந்து காட்டினாள்.

“ஜோராத்தானே நடக்கிற? எல்லாம் மனசுலதாம்மா. தண்ணி நிறையக் குடி.”

வரிசையில் நின்ற கழுதையக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அடி அசடே! டீ சிந்தாம நடந்துட்டு வலிக்குதுன்னா எவன் நம்புவான்? வலிக்கிற மாதிரியே நடடி!”

மருதாணி பரம்பரை மானத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக வலித்தபடியே நடந்தாள். டீ நரியாரின் மடியில் கொட்டியது. மூன்றாவது குலுக்கலில் அவர் அலறினார்: “ஐயோ, என் இடுப்பு!”

டாக்டர் பறந்தே வந்தார். படிவமும் இல்லை, வரிசையும் இல்லை. குதிரை ஊசியையே எடுத்து நரியாரின் இடுப்பில் ஏற்றினார்.

“முட்டி வீங்கினது எனக்கு. ஊசி மட்டும் அவருக்கா?”

“நீ நொண்டினா அவருக்குத்தானே வலிக்குது? இனி நீ எவ்வளவு நொண்டினாலும் அவருக்குத் தெரியாது, கவலைப்படாதே” என்றபடி நரியார் பேருக்குச் சீட்டு எழுதினார் டாக்டர்: ‘ஏழு நாள் ஓய்வு. சவாரி கூடாது.’

நரியாரை நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். மருதாணி ஏழு நாளும் முட்டி நனைய ஆற்றில் நின்றாள். வீக்கம் வடிந்தது.

எட்டாம் நாள் நரியார் ஏறி உட்கார்ந்தார். “எங்கே, அந்தப் பழைய நடை?”

“மறந்துபோச்சுங்க ஐயா” என்று முதல் அடியை எடுத்து வைத்தாள் மருதாணி. இரண்டாம் அடிக்குள் நரியாரே டாக்டரைக் கூப்பிட்டார்.

நீதி: உனக்கு வலித்தால் அழாதே, உன்மேல் உட்கார்ந்திருப்பவருக்கு வலிக்கும்படி நட. வைத்தியம் அவருக்கு நடக்கும், குணம் உனக்கு ஆகும்.