மழைமேல் போட்ட குற்றம்

இந்தக் கோடையில் பெண்டாட்டியை ஒரு வாதத்திலாவது வெல்வது என்று லாசாவின் கம்பளி வியாபாரி ரப்கே முடிவு கட்டினான். மண் பாவிய மாடித் தளம் ஒழுகுகிறது, பெருமழைக்கு முன் மண் கொட்டி மிதித்தாக வேண்டும் என்கிறாள் யுட்ரோன். அவனுக்கோ ஆற்றங்கரையில் கூடாரமும் பகடையும் பார்லி மதுவும் காத்திருக்கின்றன.

மடத்துத் தோப்பில் பிட்சுகள் வாதாடுவதை மதில்மேல் உட்கார்ந்து பார்த்தே பாடம் படித்தான். தொண்டை கிழியக் கத்துவது மறுப்பாகாது. அதைத்தான் கல்யாணமான நாளிலிருந்து செய்து தோற்றுக்கொண்டிருக்கிறானே. உட்கார்ந்து பதில் சொல்பவன் எதை ஒப்புக்கொள்கிறானோ, அதைக்கொண்டே அவனைக் கவிழ்க்க வேண்டும். நின்று கேள்வி கேட்பவன் கை தட்டலாம், காலை உதைக்கலாம். தன் கட்சி இன்னது என்று வாயே திறக்க வேண்டாம். புருஷன்மாருக்கென்றே செய்த வித்தை.

வீட்டுக்கு வந்ததும் யுட்ரோனை உட்கார வைத்தான். தரை அதிர உதைத்து, அவள் மூக்குக்கு நேரே கை தட்டினான்.

"மழை இல்லாதப்போ ஒழுகுதா?"

"இல்லீங்க."

"அப்போ குத்தம் தளத்து மேலயா, மழை மேலயா?"

"மழை மேலதான்."

"குத்தமில்லாததைத் திருத்தணுமா?"

"வேண்டாம். ஒத்துக்கிறேன்."

ரப்கேவுக்கே ஏமாற்றம். தயார் செய்து வைத்திருந்த கேள்வியெல்லாம் வீணாய்ப் போயிற்று. கிளம்பப் போனவனை அவள் நிறுத்தினாள். தானும் ஒருமுறை நின்று கேட்டுப் பார்க்கிறேன் என்றாள். ஜெயித்த மிதப்பு. உட்கார்ந்து தொலைத்தான்.

அவள் கை தட்டிய வேகத்தில் தேநீர்க் கிண்ணம் ஆடியது.

"குத்தவாளி மழைதானே?"

"நான்தானே நிரூபிச்சேன்."

"குத்தவாளியை வீட்டுக்குள்ள விடலாமா?"

"எவன் விடுவான்? வாசல்லயே மறிச்சு உதைக்கணும்."

"மழைக்கு வாசல் எது?"

அவன் கண் தானாக மேலே, ஒழுகும் தளத்துக்குப் போயிற்று. இப்படி மாட்டிக்கொண்ட பிட்சுகளைப் பார்த்து மதில்மேல் எப்படியெல்லாம் சிரித்திருக்கிறான்.

"காலை நல்லா உதைக்கிறீங்க," என்று மண்கூடையை அவன் மடியில் வைத்தாள். "அதை மேல போய்ச் செய்ங்க."

மறுநாள் மாடியில் மிதித்துக்கொண்டே கீழே பார்த்தான். பக்கத்து வீட்டுப் பெண்களோடு யுட்ரோன் ஆற்றங்கரைக்குக் கிளம்பியிருந்தாள். மதுக்குடம் அவள் முதுகில்.

"நான் இங்க வேகுறேன், நீ எங்கடி போற?"

அவள் அண்ணாந்து பார்த்தாள். "வேலை கிடக்கும்போது ஆத்தங்கரைக்குப் போறது தப்பாங்க?"

தப்பு என்றால் இனி ஆயுசுக்கும் அவன் போக முடியாது. மண்ணை இன்னும் நாலு மிதி மிதித்தான்.

"வெயிலா இருக்கு, பார்த்துப் போயிட்டு வா," என்றான்.